நட்ட பின் மூன்று கோடை

வேங்கிக்காலில் ஊழியம் தொடங்க வருகிறவர்கள் பலரும் கையோடு ஒரு திட்டத்தாள் கொண்டு வருகிறார்கள். முதல் வருடம் இத்தனை வீட்டுக் கூட்டம், இரண்டாம் வருடம் இத்தனை ஞானஸ்நானம், ஐந்தாம் வருடத்துக்குள் இத்தனை கிளைச் சபை என்று கட்டம் கட்டமாக எண்கள். மே மாதம் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதற்கு மட்டும் அதில் கட்டம் இருக்காது. இந்த அத்தியாயம் அதைப் பற்றித்தான். மரக்கன்றையும் சபையையும் இதில் சேர்த்தே பேசுகிறேன். சிறிய மிஷன் வளாகத்தில் இரண்டு பொறுப்பும் ஒரே ஆள் தலையில்தான் விழுகின்றன.

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலையில் வந்தால், நகரம் எங்கே முடிந்தது என்று தெரியும் முன்பே வேங்கிக்கால் வந்துவிடும். 1989-ல் வட ஆற்காட்டைப் பிரித்துத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கே இருப்பதால் ஏரிக்கரையும் வயலுமாகக் கிடந்த இடங்கள் மனைகளாயின. இன்று ஒரே தெருவில் அரசு அலுவலர், ஓய்வுபெற்ற ஆசிரியர், பிள்ளைகள் படிப்புக்காகப் போளூர் பக்கமிருந்து குடிவந்தவர், தலைமுறையாக இங்கேயே பயிர் வைத்தவர் எல்லாரும் இருக்கிறார்கள். புதிய ஊழியர்கள் முதல் மூன்று வகையினரைத் தேடிப் போவார்கள். நான்காவது வகையினரிடம் முதலில் போங்கள். இந்தத் தெருவில் எத்தனை அடியில் தண்ணீர், எந்த மாதம் போர் காற்றைக் கக்கும், ஏரி எந்த வருடம் கோடி போனது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அப்படிக் கேட்கப் போவதே ஒரு நல்ல அறிமுகம். போதிக்க வந்தவர் முதலில் கேட்கவும் வந்தார் என்பதை ஊர் மறக்காது.

கன்றுக் கணக்கு

ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று விருந்தினரை அழைத்து, ரிப்பன் கட்டி, கன்று நட்டுப் படம் எடுக்கும் வழக்கம் நம் மிஷன் வளாகங்களிலும் புகுந்துவிட்டது. இந்த ஊருக்கு அது பொருந்தாத நாள். கத்திரி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். தென்மேற்குப் பருவம் இங்கே மாலை இடியோடு நாலு மழை தந்துவிட்டு நிற்கும். நம்பிக்கையான மழை வேண்டுமானால் புரட்டாசிக் கடைசியும் ஐப்பசியும்தான். ஆடியில் இரண்டடிக்கு இரண்டடி குழி எடுத்து வெயிலில் ஆறவிடுங்கள். மேல்மண்ணைத் தனியே குவித்து வைத்து, மக்கிய தொழுவுரமும் கரையானுக்கு இரண்டு கை வேப்பம் பிண்ணாக்கும் கலந்து குழியை நிரப்புங்கள். முதல் நல்ல மழை மண்ணில் இறங்கிய பிறகு கன்றை வையுங்கள். விருந்தினர் வேண்டுமானால் அன்றைக்கு வரட்டும்; சேற்றில் கால் வைக்கத் தயங்காதவர் யார் என்றும் தெரிந்துவிடும்.

எத்தனை கன்று? திட்டத்தாளில் பெரும்பாலும் நூறு என்றுதான் இருக்கும். கோடையில் ஒரு கன்றுக்கு ஒரு தடவைக்கு 20 லிட்டர் என்று வையுங்கள். நூறு கன்றுக்கு 2,000 லிட்டர். முதல் கோடையில் நாலைந்து நாளைக்கு ஒருமுறை இதை ஊற்ற வேண்டும். மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தொட்டியில் குடும்பமும் விடுதிப் பிள்ளைகளும் புழங்கிய பிறகு என்ன மிஞ்சும்? ஆக, இருபத்தைந்து கன்று போதும். ஒரு தடவைக்கு 500 லிட்டர். அதில் ஒரு பங்கைப் பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் தந்துவிடும். இரண்டாம் கோடையில் வாரம் ஒரு தடவை, மூன்றாம் கோடையில் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை. அதற்குப் பிறகு வேம்பும் புங்கனும் தம் பாட்டைத் தாமே பார்த்துக்கொள்ளும். மூன்று கோடைக்கும் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத கன்றை நடவே வேண்டாம்.

வேலி ஓரம் வேம்பு, புங்கன், பூவரசு. உள்ளே நாவல், நெல்லி. நீர்மருது ஏரிப் பக்கம் ஈரம் உள்ள நிலத்துக்கு மட்டும். மயில்கொன்றை அழகுதான், ஆனால் காற்றுக்குக் கிளை முறியும். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் வேண்டாம். தைலமரம் எங்கும் வேண்டாம். அடுப்படிப் பக்கம் ஒரு முருங்கையும் பப்பாளியும் வையுங்கள், வருடத்துக்குள் காய்க்கும். பெரிய மரம் வளரும் வரை ஐயரம்மாவுக்கு, அதாவது போதகரின் மனைவிக்கு, இந்த ஏற்பாட்டில் நம்பிக்கை போகாமல் இருக்க அது உதவும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் போதகர் வீட்டுப் பப்பாளி என்ன விலைக்குப் போகிறது என்பதையும் கவனியுங்கள். சபையார் உங்களை எவ்வளவு நேசிக்கிறார்கள் என்று அதைவிட நேராகச் சொல்ல எதுவும் இல்லை.

வாசலில் மகிழம் வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அது அண்ணாமலையார் கோயிலின் தல விருட்சம் என்பதால் வரும் தயக்கம். தாராளமாக வையுங்கள். அடர்ந்த நிழல், மணமான பூ, மெதுவான வளர்ச்சி. தெருவில் போகிறவர் அதைப் பார்த்து நிற்பார்; பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

ஆடு வரும். கோடையில் இந்த ஊரில் மேய்ச்சல் குறைவு, உங்கள் கன்றுதான் பச்சையாகத் தெரியும். ஆட்டுக்காரரோடு சண்டை போடாதீர்கள். சீமைக்கருவேல முள்ளை வெட்டிச் சுற்றிக் கட்டினால் போதும். திருவண்ணாமலை மலையில் மரம் வளர்க்கும் தி ஃபாரஸ்ட் வே போன்ற அமைப்பினர் நாட்டு மரங்களை மட்டுமே நடுவதையும், கோடையில் மலையில் தீப்பிடித்தால் அணைக்க ஓடுவதையும் போய்ப் பாருங்கள். அவர்களில் பலருக்கு நம் விசுவாசத்தோடு தொடர்பில்லை. மரம் வளர்க்க அவர்களிடம் கற்பதில் நமக்குக் குறைவு ஒன்றுமில்லை.

திருப்பத்தூரைப் பார்த்து வாருங்கள்

செங்கம் சாலையைப் பிடித்துப் போனால் அரைநாளில் பார்த்துத் திரும்பும் தூரத்தில் திருப்பத்தூர். அங்கே 1921-ல் இரண்டு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழர், சவரிராயன் ஏசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டன். முதலாமவரை ஊர் பெரியண்ணன் என்றது. செல்வக் குடும்பத்தில் பிறந்த இரண்டாமவரைச் சின்னண்ணன் என்றது. வெள்ளைக்காரர் மேலே, உள்ளூர்க்காரர் கீழே என்றிருந்த அந்தக் கால மிஷன் பங்களா அமைப்பில் இந்த இரண்டு பெயர்களே ஒரு கலகம்தான். கதர் உடுத்தினார்கள், மரக்கறி உண்டார்கள், சம்பளம் வாங்காமல் நோயாளிகளைப் பார்த்தார்கள். ஜெபாலயத்தை நம் கோயில் கட்டடக் கலையில் எழுப்பினார்கள். 1932-ல் சென்னையில் கதர் இயக்கத்துக்கு ஆதரவாக நின்றதற்காகப் பாரெஸ்டர் பேட்டனைப் போலீஸ் அடித்தது.

அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் ஜெபாலயத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் வேறு இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, நாளின் ஒழுங்கு: ஜெபம், மருத்துவம், கைவேலை என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் இருந்தது, தலைவர்களும் அந்த நேரத்துக்குக் கட்டுப்பட்டார்கள். இன்னொன்று, அவர்களுக்கு எது கடினமாக இருந்தது என்பது. திருமணம் செய்யாத வாழ்க்கையை மையமாக வைத்த குழு அது. அந்த அர்ப்பணிப்பு அவர்களுக்குப் பலம் தந்தது. பின்னால் வருகிறவர்களின் எண்ணிக்கையை அதுவே சுருக்கவும் செய்தது என்பது என் எண்ணம். உங்கள் வாழ்க்கை முறை அடுத்தவர் ஏற்று நடத்தக்கூடியதா என்று தொடங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். பெரியவர்களின் தியாகத்தைப் பார்த்துக் கண்ணீர் விடுவதைவிட இந்தக் கேள்வி பயன்படும்.

முதல் மரணத்துக்கு முன்

சபையை நாட்டுகிறவர்கள் ஆராதனைக்கு இடம் தேடுகிறார்கள், ஒலிபெருக்கி வாங்குகிறார்கள், கிதார் வாசிக்கிற தம்பியைப் பிடிக்கிறார்கள். சபையில் முதல் மரணம் நிகழும்போது எங்கே அடக்கம் செய்வது என்று யோசித்தவர் குறைவு. கிராமத்தில் சாதிக்கொரு சுடுகாடு. புதிதாக விசுவாசத்துக்கு வந்த குடும்பத்தை அந்தச் சாதிச் சுடுகாட்டிலும் சேர்க்க மாட்டார்கள், ஆற்காடு லுத்தரன் திருச்சபை, சிஎஸ்ஐ, கத்தோலிக்கர் ஆகியோரின் கல்லறைத் தோட்டங்களிலும் உடனே இடம் கிடைக்காது. சாவு வீட்டில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்காக ஃபோன் போடும் நிலையை நீங்களே உண்டாக்கிக்கொள்ளாதீர்கள். வந்த முதல் மாதத்திலேயே நகரத்துப் பழைய சபைகளின் போதகர்களைப் போய்ப் பாருங்கள். நான் இன்னார், வேங்கிக்காலில் இருக்கிறேன், உங்கள் ஆடுகளைத் திருட வரவில்லை என்று சொல்லுங்கள். ஆறு மாதம் பழகிய பிறகு அடக்கத்துக்கான ஏற்பாட்டைப் பேசி, முடிந்தால் கடிதமாகவே வாங்கி வையுங்கள். திருமணமும் இப்படித்தான். 1872-ஆம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி யார் திருமணம் நடத்தலாம் என்பதற்கு வரையறை உண்டு. அந்த உரிமை உங்களுக்கு இல்லையென்றால், உள்ளவரோடு சேர்ந்து நடத்துங்கள்.

சாதியைப் பற்றி இதே இடத்தில் சொல்லிவிட வேண்டும். இந்த வட்டாரத்து லுத்தரன் சபைகளின் தொடக்கத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது. கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி, சபைக்குள் சாதியைச் சகித்துக்கொள்வதை ஏற்க முடியாமல் லைப்சிக் மிஷனை விட்டு விலகினார். 1861-ல் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே பணி தொடங்கினார். அதைத்தான் பிறகு டேனிஷ் மிஷன் ஏற்றுக்கொண்டது. திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளியின் பெயரைச் சொன்னால் இன்றும் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார். ஆனால் ஓக்ஸ் விட்டு வந்த வழக்கம் வேறு வேறு சட்டை போட்டு எல்லாத் திருச்சபைகளிலும் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் சபையில் அதைக் கண்டுபிடிக்கச் சமையலைப் பாருங்கள். அன்பின் விருந்துக்கு யார் வீட்டில் சமைக்கிறார்கள், யார் வீட்டில் சமைத்தால் சிலருக்கு அன்றைக்கு மட்டும் வயிறு சரியில்லாமல் போகிறது என்று மூன்று விருந்தில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு பிரசங்கத்தில் சுற்றி வளைக்காதீர்கள். அடுத்த விருந்தை எந்த வீட்டில் தவிர்த்தார்களோ அந்த வீட்டிலேயே வைத்து, நீங்கள் முதல் பந்தியில் உட்காருங்கள்.

ஞானஸ்நானத்துக்கு முன் ஒரு உண்மையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே. தமிழ்நாட்டில் கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். விசுவாசத்தால் கிறிஸ்தவர், சான்றிதழில் இந்து என்ற இரட்டை நிலையை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் செல்வராணி வழக்கில் ஏற்கவில்லை. கல்லூரி இடமும் அரசு வேலையும் மாறிப்போகக்கூடிய விஷயம் இது. "அதையெல்லாம் கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று போதகர் சொல்லிவிட்டுப் போகலாம். ஃபீஸ் கட்டப் போவது அந்தத் தகப்பன். முழுவதும் எடுத்துச் சொல்லுங்கள், யோசிக்க நாள் கொடுங்கள், குடும்பமாகப் பேசி வரச் சொல்லுங்கள். இதனால் ஞானஸ்நான எண்ணிக்கை குறையும். குறையட்டும்.

வாடகை வீடும் காகிதமும்

வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும் என்று சொல்லிவிடுங்கள். "பாட்டுச் சத்தம் இல்லேன்னா எனக்கு ஒண்ணும் இல்ல சார். பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்பார். நியாயமான கேள்வி. வீட்டில் நாலு பேர் கூடி ஜெபிப்பது வேறு, வீட்டையே ஆராதனைக் கூடமாக மாற்றுவது வேறு. இரண்டாவதுக்கு கட்டட விதிகளின்படி ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். வேங்கிக்காலில் இருப்பவருக்கு ஒரு வசதி, மனு கொடுக்கப் பஸ் ஏற வேண்டாம்; திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு நடந்தே போகலாம்.

ஒலிபெருக்கி வேண்டாம். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் அதற்குத் தடை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் அளவு. சென்னை கே.கே.ஆர். நகரில் ஒரு சபையின் ஒலிபெருக்கி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2000-ல் சபைக்கு எதிராகவே முடிந்தது. முப்பது பேர் பாட ஆம்ப்ளிஃபையர் எதற்கு?

வெளிநாட்டுப் பணம் வருமானால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் ஒரு ரூபாயும் தொடாதீர்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் புது தில்லியில் உள்ள எஸ்பிஐ முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வர முடியும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வந்த நன்கொடையை வேறு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. என் யோசனை: வாடகையும் போதகர் சம்பளமும் சபைக் காணிக்கையில் நடக்கும் அளவுக்கே ஊழியத்தை விரியுங்கள். வெளியிலிருந்து வரும் பணம் நின்றால் நிற்கிற எதையும் அன்றாடச் செலவில் வைக்காதீர்கள்.

பௌர்ணமியும் தீபமும்

பௌர்ணமி இரவுகளில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானவர் நடப்பார்கள். வேலூர் சாலையில் பஸ் நெரிசல், ஆட்டோக் கட்டணம் ஏறும், நகருக்குள் போனவர் நேரத்துக்குத் திரும்ப முடியாது. வருடத் தொடக்கத்தில் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பௌர்ணமி நாள்களை உங்கள் காலண்டரில் குறித்து, அன்று மாலைக் கூட்டம் எதையும் வைக்காதீர்கள். கிரிவலப் பாதையில் கைப்பிரதி கொடுக்கவும் போகாதீர்கள். வெறும் காலோடு நேர்த்திக்கடனுக்கு நடக்கிற ஒருவரை வழிமறித்து உன் வழி தவறு என்று சொல்வதைச் சாட்சி என்று நான் எண்ணவில்லை. நம் கிறிஸ்துமஸ் பவனியில் ஒருவர் புகுந்து அப்படிச் செய்தால் நமக்கு என்ன தோன்றும்?

கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் ஏற்றும் தீபம் உங்கள் மாடியிலிருந்தே தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளை தட்டில் பொரி உருண்டை கொண்டுவரும். இரண்டு கையால் வாங்கி, அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். உண்பதா வேண்டாமா என்பதைக் கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியதை வைத்து வீட்டுக்குள் முடிவு செய்துகொள்ளலாம். வாசலில் நின்று அந்தப் பிள்ளைக்கு வேதபாடம் நடத்த வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு அந்தத் தட்டு காலியாகத் திரும்பிப் போகக் கூடாது.

2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட நாள்களில் சபையாகப் போங்கள். சோறும் போர்வையும் டார்ச்சும் கொண்டு போங்கள். பைபிளையும் பேனரையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கை நீட்டி வாங்கும் நிலையில் இருப்பவரிடம் விசுவாசத்தைப் பேசினால் அவர் மறுக்க முடியாது. மறுக்க முடியாத இடத்தில் சொல்லும் ஆமென் எதற்கும் உதவாது.

தலைவரின் நாள்

காலை ஐந்துக்கு ஜெபம். ஆறு மணிக்குக் குடத்தோடு வெளியே. வெயில் ஏறும் முன் தண்ணீர் ஊற்றி முடியுங்கள். தெருவில் பால் வாங்கப் போகிறவர்கள் உங்களைப் பார்க்கும் நேரம் அதுதான், பேச வேண்டியவர் அங்கேயே பேசிவிடுவார். காலை உணவு குடும்பத்தோடு. பத்து வரை படிப்பும் பிரசங்கத் தயாரிப்பும், அதுவரை ஃபோன் வேறு அறையில் இருக்கட்டும். வீடு சந்திப்புக்கு மாலை நல்லது. பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குத் தனியே போகாதீர்கள். திங்கட்கிழமை ஓய்வு. அன்று யாராவது அவசரமாக ஜெபிக்க அழைத்தால், உயிர் போகும் அவசரமா என்று உங்கள் மனைவி கேட்கட்டும். உங்களைவிட அவருக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

ஐயரம்மாவுக்குச் சம்பளம் இல்லாத வேலை எத்தனை இருக்கிறது என்று ஒருமுறை உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். ஞாயிறு பள்ளி, பெண்கள் கூட்டம், விருந்தாளிச் சமையல், மே மாதம் விபிஎஸ் என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளி, சாவு வீட்டில் இரவு முழுக்க உட்காருவது. சபைக் குழுவிடம் பேசி இவற்றில் இரண்டையாவது வேறு ஆளிடம் கொடுங்கள். ஊழியக் குடும்பங்கள் இரண்டாம் கோடையில்தான் அதிகம் தளர்கின்றன. முதல் வருட உற்சாகம் தீர்ந்திருக்கும், பலன் இன்னும் கண்ணில் பட்டிருக்காது, ஆதரவாளர்கள் கடிதத்தில் எண் கேட்கத் தொடங்கியிருப்பார்கள். அந்த வருடக் கடிதத்தில் இருபத்தைந்து கன்றில் எத்தனை பிழைத்தது என்றும் எழுதுங்கள். செத்ததை மறைக்காதீர்கள்.

கையெழுத்தும் சாவியும்

மூன்றாம் கோடைக்குள் இவை முடிந்திருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் போதகர் அல்லாத இருவர் கையெழுத்து. மாதக் கணக்கைச் சபை முன் வாசிக்கும் வழக்கம், அதை வாசிப்பவர் போதகர் அல்லாத ஒருவர். ஞானஸ்நானப் பதிவேடும் கல்லறை ஏற்பாட்டுக் கடிதமும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்த மூன்று பேர். உங்களுக்குப் பதிலாகப் பிரசங்கிக்க உள்ளூரில் ஒருவர், அவர் பிரசங்கம் உங்களுடையதைவிடச் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. மே மாதம் நீங்கள் ஊருக்குப் போகும் பதினைந்து நாளும் தண்ணீர் ஊற்ற ஒரு பெயர்ப் பட்டியல். அந்தப் பட்டியலில் சபையைச் சேராத பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் இருந்தால், அவர் பெயரை முதல் வாரத்தில் போடுங்கள். இரண்டாம் வாரத்தில் அவர் வீட்டில் ஏதாவது விசேஷம் வந்துவிடும்.